கரிசற்காட்டுப் பள்ளியில் ஒரு ஜெபமாலை

இக்கல்லூரிக்கு வந்த முதல் வாரத்தில் எம் ஊர் இடைசெவல் என்று யாம் சொன்னவுடன் தமிழ்த்துறையில் எமக்கு ஒரு தனி மதிப்பு உண்டாயிற்று. அம்மதிப்பு எம் தகுதியால் வந்ததன்று. கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் தேடி வைத்துவிட்டுப் போனது. ஓர் ஊரில் ஏறக்குறைய ஒரே காலத்திற் பிறந்து, இளமை தொட்டே நட்புப் பூண்டு வளர்ந்த இருவர் இருவருமே சாகித்திய அக்காதெமிப் பரிசு பெறுதல் எங்கும் நிகழ்வதன்று. முன்னவர்க்கு 1970ஆம் ஆண்டிற்குரிய பரிசு அவர் மறைந்த பின்னரே வழங்கப்பெற்றது. பின்னவர் 1991இல் பெற்றார். 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் கி. ரா. புதுச்சேரியில் மறைந்தபோது அவருடலை எம் ஊருக்கே கொணர்ந்து அரசு மரியாதையோடு எரியூட்டினர். ஆதலின் இடைசெவல் என்ற சொல் செவியில் விழுந்த அளவிலேயே தமிழ் பயில்வோர் எம்மிடம் கதை கேட்க அமர்ந்துவிடுகின்றனர்.

ஆயின் எம் பெயரைக் கேட்ட பின்னர்த் தோழர் சிலர் வேறொரு வினாவும் தொடுத்தனர். "கி. ரா. எழுதிய காட்டிற் கிறிஸ்தவர்களும் இருக்கின்றார்களோ?" என்பது அது. இருக்கின்றோம் என்று சொல்லிவிடலாம். அது தலைக்கணக்குக்கு விடையாகுமே யன்றி வாழ்க்கைக்கு விடையாகாது. எவ்வாறு இருந்தோம் என்று சொல்லப் புகின் யாம் பயின்ற பள்ளியைப் பற்றியே சொல்லுதல் வேண்டும். இவ்விதழின் ஆசிரியர் சில பக்கங்களை எமக்கு ஒதுக்கியமையால், நேரிற் சொல்ல முடியாத அதனை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

இடைசெவலில் எம்போன்ற வேதக்காரர் வீடுகள் மிகச் சில. கிறிஸ்தவரை எம் பக்கத்தார் வேதக்காரர் என்றே வழங்குவர். அதில் இகழ்ச்சியும் இல்லை, புகழ்ச்சியும் இல்லை. எண்ணெய்க்காரர், வளையற்காரர் என்பது போல அதுவும் ஒன்று. தெருவிற் பாதிப்பேர் வீட்டில் தெலுங்கு பேசுவர், வாசலுக்கு வந்தால் தமிழ் பேசுவர். இவ்விரண்டுக்கும் இடையில் எம் வீட்டினின்று மாலைதோறும் எழும் ஜெபமாலையொலி யார்க்கும் புதுமையாகத் தோன்றியதில்லை. "உங்க வீட்டுச் சாமி பாட்டு முடிஞ்சுதா? அடுப்பேத்தணும், தீப்பெட்டி குடுங்க" என்று அடுத்த வீட்டு அம்மையார் வந்து நிற்பார்.

யாம் படித்தது காமநாயக்கன்பட்டியில் உள்ள புனித அலோசியஸ் மேனிலைப்பள்ளி. மேனிலை வகுப்புக்கு வந்தபின் அரசு தந்த மிதிவண்டியில் இடைசெவற் பிள்ளைகள் ஐவர் அறுவராகச் சேர்ந்து போய்வருவோம். கரிசற்பாதையை அறியாதார்க்கு ஒரு செய்தி. கோடையில் அந்நிலம் கையை நுழைக்கலாம் என்னும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஐப்பசியில் ஒரு மழை விழுந்தால் அதே மண் களியாகிச் சக்கரத்திற்கும் அதன் மேலுள்ள தகட்டிற்கும் நடுவில் அப்பிக்கொள்ளும். பத்து முழம் உருட்டினால் வண்டி நின்றுவிடும். வேலிக்கருவைக் குச்சியொன்றை ஒடித்துக் குடைந்து குடைந்து மண்ணை எடுத்தபின் மறுபடியும் பத்து முழம். முடிவில் வண்டி எம்மைச் சுமப்பது போய் யாம் வண்டியைச் சுமப்போம். இவ்வாறு தாமதித்து வருவோரை மழைநாளில் மட்டும் எந்த ஆசிரியரும் கடிந்ததில்லை; காலில் ஒட்டியுள்ள மண்ணே அத்தாட்சி.

காமநாயக்கன்பட்டி சிற்றூர்தான். எனினும் தமிழ்க் கிறிஸ்தவ வரலாற்றில் அதற்கொரு பேரிடம் உண்டு. தத்துவ போதகர் என்னும் நோபிலி 1606ஆம் ஆண்டில் மதுரைக்கு வந்து தொடங்கிய மிஷனின் பழைய தலங்களுள் அஃதும் ஒன்று. அங்குள்ள பரலோக மாதா கோவிலுக்குச் சாதி சமயம் பாராது சுற்றுவட்டத்தார் எல்லாரும் வருவர். வீரமாமுனிவர் தம் தொண்டின் தொடக்க நாட்களில் அங்கே தங்கிப் பணி செய்தார் என்பது தமிழ் மாணவராகிய எமக்குப் பெருமை தருவது. எகர ஒகரங்களுக்கும் ஏகார ஓகாரங்களுக்கும் வரிவடிவ வேறுபாடு செய்து கொடுத்த அம்முனிவர் எம் கரிசல்மண்ணைக் காலில் அப்பிக்கொண்டு நடந்தவர். அவருக்கும் அது வழுக்கியே யிருக்கும்.

பள்ளியில் நீண்ட நாட்களாக எமக்குத் தெரியாதிருந்த ஒன்று உண்டு. பள்ளியின் காவலராகிய அலோசியஸ் கொன்சாகா என்னும் புனிதர் 1568இல் இத்தாலி நாட்டில் காஸ்திலியோனே என்னும் ஊரிற் பிறந்தவர். வீரமாமுனிவர் 1680இற் பிறந்ததும் அதே காஸ்திலியோனேதான். ஒருவர் அவ்வூரையாண்ட குறுநில மன்னரின் மூத்த மகன்; தம் உரிமையைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்துச் சேசுசபை புகுந்தார். மற்றவர் அப்புனிதரின் புகழ் நிறைந்த ஊரிலே வளர்ந்து, அதே சபையிற் சேர்ந்து, கடல் கடந்து வந்தார். அலோசியஸுக்குப் புனிதர் பட்டம் கொடுத்த 1726ஆம் ஆண்டே தேம்பாவணி நிறைவெய்திய ஆண்டென்றும் சொல்லுவர். பதினோராம் வகுப்பில் தமிழாசிரியர் இதனை எடுத்துரைத்தபோது எம்மூர்ப் பையன் ஒருவன் எழுந்து, "அப்படியானால் அதுவும் ஓர் இடைசெவல்தான் ஐயா" என்றான். வகுப்பு சிரித்தது, ஆசிரியர் சிரிக்கவில்லை. "ஆமடா, சரியாகச் சொன்னாய்" என்றார்.

சொன்னவன் எம் தோழன். அவனைப் பற்றியே இனிச் சொல்லப்போகின்றோம், பெயர் வேண்டா. கழுகுமலை முருகனைக் குலதெய்வம் போலக் கொண்டாடும் குடும்பம். தந்தை மானாவாரிக் காட்டில் உளுந்தும் மக்காச்சோளமும் போடுவார். தாய் தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போவார். ஆறாம் வகுப்பினின்று எம் பக்கத்தில் அமர்ந்தவன். எங்கள் சோற்றுப் பாத்திரங்கள் எவருடையது எது என்று தெரியாதபடி கலந்து போய்ப் பல ஆண்டுகள் ஆயின. எங்களைப் பிரித்தது வாரத்திற்குச் சில முறை அடிக்கும் ஒரு மணிதான். அம்மணி அடித்தவுடன் கத்தோலிக்க மாணவர் மறைக்கல்விக்கு ஓர் அறைக்கும், ஏனையோர் நன்னெறி வகுப்புக்கு வேறோர் அறைக்கும் போவோம். இப்பிரிவு யாருடைய வெறுப்பினாலும் வந்ததன்று. அரசின் உதவி பெறும் பள்ளியில் ஒரு பிள்ளையை இசைவின்றிச் சமயப் போதனைக்கு உட்படுத்தலாகாது என்று நம் அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு விதிக்கின்றது. நல்ல விதியே. ஆயினும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அரசியலமைப்புத் தெரியுமா? தன் பக்கத்தில் இருந்தவன் எழுந்து போகின்றான் என்பது மட்டுமே தெரியும். மணி முடிந்து வந்தபின், "உங்களுக்கு என்ன சொன்னார்கள்?" என்று அவன் கேட்பான், "உங்களுக்கு?" என்று யாம் கேட்போம். பெரும்பாலும் இரண்டு அறைகளிலும் பொய் சொல்லாதே என்றே சொல்லியிருப்பர்.

மற்றைப்படி பள்ளி வாழ்க்கை எல்லார்க்கும் பொதுவாகவே யிருந்தது. காலை வழிபாட்டில் எல்லாரும் நிற்போம். முதல் வெள்ளிக்கிழமைப் பூசைக்குக் கத்தோலிக்கர் போனால், வெளியில் நிற்கும் மிதிவண்டிகளுக்கு ஏனையோர் காவல். ஆகஸ்டு 15ஆம் நாள் மாதாவின் விண்ணேற்பு விழாவும் நாட்டின் விடுதலை நாளும் ஒன்றாக வருதலால் எங்கள் ஊர்ப்புறத்தில் அன்று இரட்டைத் திருநாள். காலையில் மூவர்ணக் கொடிக்கு வணக்கம். அன்றைக்கே மாதாவின் தேர். ஆகஸ்டு 6ஆம் நாள் கோவிற் கொடியேறியது முதல் பிள்ளைகளின் மனம் பாடத்தில் நில்லாது என்பதை ஆசிரியரும் அறிவர். தேர்வுத்தாள் திருத்துதலை அவர்களும் அப்பத்து நாளிற் சற்றே தள்ளிவைப்பர்.

2023ஆம் ஆண்டு யாம் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தோம். ஜூன் 21ஆம் நாள் அலோசியஸ் திருநாள். உரோமையிற் கொள்ளைநோய் பரவியபோது அவ்விளைஞர் நோயாளிகளைத் தம் கையாலேயே தூக்கி எடுத்துப் பணிசெய்து, அந்நோயே பற்றி, 1591ஆம் ஆண்டு அதே நாளில் இருபத்துமூன்று வயதில் உயிர் நீத்த வரலாற்றை எங்களுக்குச் சொன்னார்கள். ஆண்டுதோறும் கேட்பதுதான், சிலர் கொட்டாவி விட்டதும் உண்டு. அவ்வாண்டு எம் தோழன் மட்டும் அசையாதிருந்தான். அவன் தாய் அப்பொழுது திருநெல்வேலியில் மருத்துவமனையிற் கிடந்தார். நோய் வயிற்றில் என்பது மட்டுமே அவன் எமக்குச் சொன்னது. மாலையில் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தவன் திடீரென்று நின்று, "ஏலே, அந்த மணிமாலையில் எந்த மணிக்கு எதைச் சொல்லணும்?" என்றான்.

யாம் உடனே விடை கூறவில்லை. கேட்டது எளிய வினா. ஐம்பத்துமூன்று சிறுமணிக்கும் அருள் நிறைந்த மரியே. ஆறு பெருமணிக்கும் பரலோக மந்திரம். ஆனால் அதனைச் சொல்லிக் கொடுப்பது அவ்வளவு எளிதாயிருக்கவில்லை. மறுநாள் கத்தோலிக்க மாணவருக்குள்ளேயே இருவகைக் கருத்து எழுந்தது. ஞானஸ்நானம் பெறாதவன் கையில் ஜெபமாலையைக் கொடுத்தால் அவன் அதனைத் தாயத்துப் போலக் கருதிவிடுவான் என்றார் ஒருவர். மற்றொருவர் அதனினும் கூர்மையாக, "நாளைக்கு ஏதாவது ஆனால், பையனை மதம் மாற்றப் பார்த்தார்கள் என்று நம் பள்ளியின்மேல் வரும்" என்றார். இரண்டும் புறக்கணிக்கத்தக்கன அல்ல. யாம் மறைக்கல்வி ஆசிரியரிடம் சென்றோம். அவர் சிறிது நேரம் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அவன் அப்பாவிடம் கேட்டானா?" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அவ்வொரு வினாவே எங்கள் வாதம் முழுவதையும்விட நேர்மையானதாக எமக்குத் தோன்றிற்று, இன்றும் தோன்றுகின்றது.

தந்தையிடம் கேட்டான். தந்தை தலையசைத்தார், மருத்துவமனைக்கும் காட்டுக்குமாக அலைந்தவருக்கு அதற்குமேல் நேரமில்லை. தாய்மாமன்தான், "புள்ளைய வேதத்துல சேக்கப் பாக்கீகளா?" என்று எம் தந்தையாரை வழிமறித்துக் கேட்டுவிட்டார். எம் தந்தையார் பதில் தேடுமுன், திண்ணையிலிருந்த பாட்டி குரல் கொடுத்தார்: "எம் மகளுக்கு உசிரு நின்னாப் போதும்யா. அது எந்தச் சாமி வாசல்ல கெடைச்சா என்ன? நானே அந்தப் பரலோக மாதாவுக்குக் கும்பிடு சேவை நேந்திருக்கேன்." மாமன் துண்டை உதறித் தோளிற் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்று தொடங்கிப் பள்ளி விட்டபின் வேப்பமரத்தடியில் பத்து மணி மட்டும் ஜெபமாலை சொன்னோம். முழு மாலையும் சொன்னால் பேருந்து போய்விடும். முதல் நாள் நால்வர். ஒரு வாரத்திற்குள் வகுப்பிற் பாதிப்பேர். நன்னெறி வகுப்புக்குப் போகிறவர் சிலர் வாய்திறவாமல் உடன் அமர்ந்திருப்பர். சிலர் இரண்டாம் பாதியை மட்டும் கற்றுக்கொண்டு எங்களோடு சொல்லுவர். அவர்களை யாரும் அழைக்கவில்லை. தாயத்து என்று அஞ்சியவரும் வந்தார். மதமாற்றப் பழி என்று அஞ்சியவரும் வந்தார். தோழன் மணிகளை இரு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் எங்கே நழுவிவிடுமோ என்பது போல் நகர்த்துவான். பள்ளியில் ஆறு ஆண்டுகள் யாம் கற்ற மறைக்கல்வியிற் பெரும்பகுதியை மறந்திருப்போம். அம்மரத்தடியில் எந்த வேர்மேல் யார் அமர்ந்தார் என்பது மட்டும் மறக்கவில்லை.

ஆடி மாதக் கடைசியில் அவன் தாய் இறந்தார்.

வகுப்பு முழுதும் இடைசெவலுக்கு வந்தது. கிணற்றடியினின்று நீர்மாலை எடுத்து வந்தார்கள், கொட்டு முழங்கியது, பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைத்தார்கள். அவ்விடத்தில் யாம் எதனைச் செய்வது? எங்கள் ஜெபத்தைச் சொல்லலாமா, சொன்னால் தகுமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். சொல்லவில்லை. வந்திருந்த ஆசிரியர்களும் கைகட்டி நின்றார்கள். நாற்பது பேர் வாயடைத்து நின்ற அந்நிலையே அன்று எங்களால் இயன்றது. மறைக்கல்வி ஆசிரியர் மட்டும் தோழனருகே சென்று அவன் தோளைப் பிடித்தார். சுடுகாட்டுக்கு ஆண்பிள்ளைகள் எல்லாரும் நடந்தோம்.

பதினாறாம் நாட் காரியம் முடியுமுன்னே அவனைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பாயிற்றே என்பது தந்தையின் கவலை. மொட்டைத் தலையோடு வந்தமர்ந்தான். மறைக்கல்வி மணி அடித்தது. யாம் எழுந்தோம். அவனும் எழுந்து எம்மோடு அவ்வறை வாயில் வரை வந்து, உள்ளே வராமல் நிலைப்படியில் நின்றபடியே ஆசிரியரைப் பார்த்து, "இத்தனை பேர் கேட்டோமே ஐயா. ஏன் கேட்கவில்லை?" என்றான். குரலிற் சினம் இல்லை. கணக்கில் ஒரு படி விளங்காத மாணவன் கேட்பது போலவே கேட்டான்.

அறையில் ஒலியே இல்லை. விடைகள் எமக்குத் தெரியும். ஆண்டுதோறும் தேர்வில் எழுதியவைதாம். இறைவன் சித்தம், துன்பத்தின் பயன், மறுமை வாழ்வு என்று தலைப்பிட்டு எழுதினால் முழு மதிப்பெண்ணும் கிடைக்கும். அவ்வாசிரியர் அவற்றுள் ஒன்றையும் சொல்லவில்லை. "எனக்குத் தெரியவில்லையப்பா" என்றார். பின்னர், "என் அம்மாவுக்கும் நான் கேட்டேன்" என்றார். தோழன் சிறிது நின்றான். திரும்பித் தன் வகுப்புக்குப் போனான். அன்று மறைக்கல்வி நடக்கவில்லை. இவ்வாறு சொன்ன ஆசிரியரைக் குறைகூறுவோர் உண்டு என்பதை அறிவோம். விசுவாசத்தை வளர்க்க வேண்டியவர் ஐயத்தை விதைத்தார் என்பர். யாம் அவ்வாறு கருதவில்லை. அவர் அன்று மனப்பாட விடையொன்றைச் சொல்லியிருந்தால் எம் தோழனோடு எங்களிற் பலரும் அந்நிலைப்படிக்கு வெளியே போயிருப்போம்.

தேர்த்திருநாள் வந்தது. கொடி வணக்கம் முடிந்து, சட்டையிற் குத்திய சிறு மூவர்ணக் கொடியோடு தேரோடும் தெருவுக்குப் போனோம். தேருக்குப் பின்னால், நேர்ந்துகொண்டோர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டு, எழுந்து, மறுபடியும் விழுந்து வருவர். கும்பிடு சேவை என்பது இதுவே. வெயிலிலே தரை கொதிக்கும். உடனிருப்போர் முன்னே தண்ணீர் தெளித்துக்கொண்டு போவர். அக்கூட்டத்தில் எம் தோழனின் பாட்டியைக் கண்டோம். மகளை எரித்து மூன்று வாரமும் ஆகவில்லை. புழுதியும் வியர்வையும் ஒன்றாகி, நெற்றியில் இட்ட திருநீறு எது, தெருமண் எது என்று தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் எழுவதற்கு நேரமாயிற்று. தோழன் ஒரு கையில் அவர் செருப்பும் மறு கையிற் குடமுமாக நீர் தெளித்துக்கொண்டு நடந்தான். சட்டைப்பையில் ஜெபமாலை தெரிந்தது.

எம்மில் ஒருவர் பொறுக்கமாட்டாமல் அருகிற் போய், "பாட்டி, மகள் பிழைக்கவில்லையே, இனி இது எதற்கு?" என்று கேட்டுவிட்டார். கேட்டிருக்கலாகாது, ஆயினும் எங்கள் எல்லார் உள்ளத்திலும் இருந்தது அது. பாட்டி முழங்காலை ஊன்றி எழுந்தபடியே, "நேந்தது நேந்ததுதானய்யா. அவ குடுக்கலேன்னு நான் குடுக்காம இருக்கலாமா?" என்றார். மறுபடியும் விழுந்து கும்பிட்டார்.

எழுதப்பெற்ற நூல்களில் விசுவாசம் என்பதற்கு யாம் படித்த இலக்கணங்கள் பல. வீரமாமுனிவரின் காவியத்தில் 3615 விருத்தங்கள் உள; அவற்றை இப்பொழுது பாடமாகவே பயில்கின்றோம். பயிலும்போது எம் கண்முன் வரும் உருவம் முனிவருடையதன்று. இதனைக் கத்தோலிக்கனாகிய யாம் சொல்வது முறையோ என்று கேட்பார்க்கு, 1965ஆம் ஆண்டு வத்திக்கான் சங்கம் பிற சமயங்களிலுள்ள உண்மையும் தூய்மையுமான எதனையும் திருச்சபை தள்ளுவதில்லை என்று அறிவித்திருப்பதை நினைவூட்டுவோம். அவ்வறிவிப்பைப் பின்னாளிற் கல்லூரி நூலகத்தில் படித்தோம். படித்தபோது அது புதிய செய்தியாக இருக்கவில்லை.

தேர் நிலைக்கு வந்தபின் பாட்டியைக் கோவிலின் பக்கத்து நிழலில் உட்கார வைத்தோம். தோழன் மிஞ்சிய நீரை அவர் கால்களில் ஊற்றினான். அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்து, எங்கள் அறுவருக்கும் கடலை மிட்டாய் வாங்கி வரச்சொல்லிப் பணம் கொடுத்தார். வேண்டா என்றதற்கு, "திருநாளும் அதுவுமா வெறும்வாயோட நிக்காதீக" என்றார். பிறகு முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, இடைசெவலுக்குப் பேருந்து எத்தனை மணிக்கு என்று விசாரித்தார்.